ஊமையான நான்காம் தந்தி

கிட்டாரின் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த அட்டையில் மூன்றே வரி. நான்காம் தந்தி ஒலிக்கவில்லை. பழுது பார்க்கவில்லை. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. கீழே 22,000 யென் என்று சிவப்பு மையில் விலை. அன்றைய கணக்குக்கு ஏறத்தாழ 14,000 ரூபாய்.

ஜப்பானின் நாகோயாவில் ஓசு என்று ஒரு கடைத்தெரு. கோயிலைச் சுற்றி, கூரை போட்ட சந்துகளில் பழைய துணி, பழைய கேமரா, பழைய ரேடியோ எல்லாம் கிடைக்கும். வேலை நிமித்தம் நான் அந்த ஊரில் இருந்த வருடங்களில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அங்கேதான். 2019 மே மாதம் ஒரு கடையின் பின்மூலையில், 'ஜங்க்' என்று ஒதுக்கிய பொருட்களுக்கு நடுவே இது சாய்ந்து நின்றது. தலைப்பகுதியில் தகமினே என்ற ஜப்பானிய கிட்டார் நிறுவனத்தின் பெயர். பக்கவாட்டில், தோளுக்குக் கீழே, சின்னக் கறுப்புத் தகடும் மேலும் கீழும் நகர்த்தும் குமிழ்களும். ஒலித்துளை வழியே எட்டிப் பார்த்தால் எட்டு இலக்க எண், 81 என்று தொடங்கியது. அந்த நாளைய தகமினே எண்களில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு மாதம். 1981 அக்டோபரில் பிறந்த கிட்டார். என்னைவிட மூத்தது.

கடைக்காரர் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரைக் காட்டி, போட்டுப் பாருங்கள் என்றார். கேபிளைச் சொருகி ஒவ்வொரு தந்தியாகத் தட்டினேன். ஆறாவது, ஐந்தாவது இரண்டும் கணீரென்று வந்தன. நான்காவதில் ஒன்றுமில்லை. மூன்றாவது கொஞ்சம் மெலிந்து வந்தது. இரண்டும் ஒன்றும் சுத்தம். கேபிளைக் கழற்றி வெறும் கிட்டாராக வாசித்தால் ஆறும் ஒன்றுபோல ஒலித்தன. ஆக, தந்தியிலோ மரத்திலோ குறையில்லை. தந்திக்கும் ஒயருக்கும் நடுவில்தான் ஏதோ அறுந்திருக்கிறது.

அந்த நடுவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வாங்கினேன்.

கிட்டார் மெல்லிய குரல் கொண்ட வாத்தியம். வீட்டுத் திண்ணைக்கும் ஒரு அறைக்கும் போதும். டிரம்ஸும் மின்சார கிட்டாரும் இருக்கும் மேடையில் அது கேட்காது. மைக்கை முன்னால் வைத்தால் கொஞ்சம் கேட்கும். ஆனால் வாசிப்பவர் அசையக் கூடாது, மைக் பக்கத்து டிரம்ஸையும் சேர்த்து வாங்கும், சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கூவ ஆரம்பித்துவிடும். கிட்டாரின் உடம்பு ஒரு காற்றுப் பெட்டி. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி அந்தப் பெட்டியை அதிரவைக்கிறது, அந்த அதிர்வை மைக் மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. இப்படிச் சுற்றிச் சுற்றி வளர்வதுதான் அந்த ஊளை.

இதற்குப் பலரும் பல வழி பார்த்தார்கள். 1954-ல் கிப்ஸன் ஜே-160ஈ என்ற கிட்டாரில், கழுத்து முடியும் இடத்தில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒரு காந்த பிக்கப்பை வைத்தார்கள். ஊளையைக் குறைக்க முன்பலகையையே ஒட்டுப் பலகையாக்கி விறைப்பாகச் செய்தார்கள். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிஸனும் 1962-ல் ஆளுக்கொன்று வாங்கினார்கள், அதனால் அது புகழ்பெற்றது. ஆனால் காந்த பிக்கப் இரும்புத் தந்தியின் அசைவை மட்டும்தான் அறியும். மரம் அதற்குத் தெரியாது. வரும் ஒலி பாதிக்குமேல் எலக்ட்ரிக் கிட்டார்.

அடுத்த வழிதான் பிஸோ. இதை நம் எல்லோர் வீட்டிலும் தினமும் கையால் அழுத்துகிறோம். அடுப்புப் பற்றவைக்கும் கேஸ் லைட்டரை அழுத்தும்போது 'டக்' என்று கேட்கிறதே, அது உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் ஒரு சின்னக் கல்லை அடிக்கும் சத்தம். அடிபட்ட கல் மின்சாரத்தைக் கக்குகிறது, அதுதான் பொறி. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று பியர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக்கும் 1880-ல் கண்டுபிடித்தார்கள். லைட்டரில் ஒரே அடி, ஒரே பொறி. கிட்டாரில் அதே இனக் கல்லைத் தந்தி அமரும் எலும்புப் பட்டைக்கு அடியில் வைத்துவிட்டால், தந்தி அதிரும் ஒவ்வொரு முறையும் கல் துளித்துளியாக அழுத்தப்படும். அந்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே மின்சாரமாகி ஒயரில் போகும்.

அமெரிக்காவில் ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்லஸ் காமன் 1966-ல் ஓவேஷன் கிட்டாரைத் தொடங்கி, பின்னர் இந்த வழியில் மேடையைப் பிடித்தார். தகமினே 1970-களின் இறுதியில் இதே கேள்விக்குத் தன் பதிலைக் கொண்டுவந்தது. அதற்குப் பெயர் பாலதெடிக் பிக்கப். நான் அந்தக் கடை மூலையில் குந்தி உட்கார்ந்து அந்த 81-ஐப் பார்த்துச் சிலிர்த்ததற்குக் காரணம் அதுதான்.

மற்ற பலர் ஒரு நீளமான பிஸோ நாடாவை எலும்புப் பட்டைக்கு அடியில் படுக்கவைப்பார்கள். வேலை சுலபம், ஐந்து நிமிடத்தில் மாட்டலாம், வேண்டாமென்றால் கழற்றலாம். தகமினே அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக ஆறு பிஸோக்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கவசம் போட்டு, கிட்டாரின் வயிற்றுக்குள் முன்பலகைக்கு அடியில் இறுக்கமாகப் பொருத்தினார்கள். பலகையிலும், அதன் மேல் எலும்புப் பட்டை பதிந்திருக்கும் மரக்கட்டையான பிரிட்ஜிலும் ஆறு துளை. அவற்றின் வழியே ஆறு பிஸோவும் சின்னத் தூண்களைப்போல மேலே வந்து எலும்புப் பட்டையைத் தாங்குகின்றன. தந்தி எலும்பை அழுத்துகிறது, எலும்பு தூணை அழுத்துகிறது. தூணின் கால் மரத்தோடு கட்டப்பட்டிருப்பதால் மரத்தின் அசைவும் அதில் சேர்கிறது.

கிட்டார் செய்பவருக்கு முன்பலகைதான் உயிர். ஒரு மில்லிமீட்டர் தடித்தால் குரல் அடைத்துவிடும் என்று பார்த்துப் பார்த்து இழைப்பார்கள். ஆறு தந்தியின் இழுவை சேர்த்து ஏறக்குறைய 75 கிலோ அந்த மெல்லிய பலகை மேல் விழுகிறது. அந்தச் சுமை வந்து விழும் இடத்திலேயே ஆறு துளை போட ஒரு பட்டறை துணிந்திருக்கிறது. இதைப் பின்னால் மாட்டிக்கொள்ள முடியாது. கிட்டார் பிறக்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும், இது மேடைக்கான கிட்டார் என்று. பாதி மனதோடு செய்யக்கூடிய காரியம் இல்லை. அந்தத் துணிச்சல் மேல்தான் எனக்குக் காதல்.

பலன் கிடைத்தது. ஈகிள்ஸ் குழுவின் க்ளென் ஃப்ரை, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ஜான் பான் ஜோவி என்று பெரிய அரங்குகளில் ஓட்டமும் நடையுமாகப் பாடுபவர்கள் தகமினேயைத் தோளில் மாட்டினார்கள். ஏற்றுமதிக்கு இ.எஃப். என்று தொடங்கும் மாடல்கள், ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கு பி.டி. என்று தொடங்குபவை. என்னுடையது இரண்டாம் வகை.

வாங்கி வந்த இரவே இணையத்தில் தேடினேன். பழைய ஜப்பான் கிட்டார் என்றாலே 'லாசூட்', அதாவது வழக்குக் கிட்டார் என்று பெயர் வைத்து விலை ஏற்றும் பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அந்த வழக்கு எது என்று விற்பவர்கள் சொல்வதில்லை. 1977-ல் கிப்ஸனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்கர் நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு அது. பிரச்சினை கிட்டாரின் தலை வடிவம். அடுத்த ஆண்டே சமரசத்தில் முடிந்தது. அதில் தகமினே இல்லை. 1970-களில் தகமினே அமெரிக்க மார்ட்டின் கிட்டாரின் உருவத்தையும் எழுத்துச் சாயலையும் நெருக்கமாகப் பின்பற்றியது உண்மை. ஆனால் என் பார்வையில் அவர்களை நகல்காரர்கள் என்று நினைவு வைத்துக்கொள்வதும், அந்த நகலுக்காகவே அதிக விலை கொடுப்பதும் பெரிய அநியாயம். உருவம் கடன் வாங்கியதாக இருக்கலாம். வயிற்றுக்குள் இருக்கும் ஆறு தூண்கள் யாரிடமும் வாங்கியவை இல்லை.

எது அரிது என்று கேட்டால் என் பதில் வேறு. தகமினே லட்சக்கணக்கில் செய்திருக்கிறது. பழையது கிடைக்காமல் இல்லை. ஆனால் அந்தத் தலைமுறை பிக்கப்பும், அதன் மின்சாரத்தை முதலில் ஏந்தும் பழைய ப்ரீஆம்பும் கை படாமல் அப்படியே இருக்கும் ஒன்றைத் தேடிப் பாருங்கள். ஒரு தந்தி மங்கியதும் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு, ஆறு துளையையும் அடைத்து, புது நாடா ஒட்டிய கிட்டார்களாகவே எனக்குக் கண்ணில் பட்டன. பிடுங்கியதைத் திரும்ப வைக்க வழியில்லை.

எனக்கும் அதே யோசனைதான் சொல்லப்பட்டது. நாகோயாவில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். மரியாதையான மனிதர். கண்ணாடியை உள்ளே விட்டு விளக்கடித்துப் பார்த்தார். நாற்பது வருடப் பொருள், உதிரி தேடி அலைய வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதியது போட்டுத் தருகிறேன், இரண்டே நாள் என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்து வந்துவிட்டேன். அன்று டாக்ஸியில் வரும்போது கிட்டாரைப் பின்சீட்டில் படுக்கவைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ஒரு பரிசோதனை செய்தேன். ஆம்பைப் போட்டு, எலும்புப் பட்டையின் தலையை, நான்காம் தந்தி உட்காரும் இடத்தில், கட்டைவிரலால் பலமாக அழுத்திக்கொண்டு தந்தியைத் தட்டினேன். வந்தது! கையை எடுத்தேன். போய்விட்டது. ஆக, தூண் சாகவில்லை. கல்லுக்கு உயிர் இருக்கிறது. எலும்புதான் அதன் மேல் சரியாக அமரவில்லை.

தந்திகளைத் தளர்த்தி எலும்பை உருவினேன். இது தொழிற்சாலையில் வைத்தது இல்லை. முன்பு வைத்திருந்த யாரோ கையால் அராவி மாட்டியது. அடிப்பக்கம் கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. உப்புத்தாள் வாங்கி வந்து மேசை மேல் விரித்து, எலும்பை விரலில் பிடித்து முன்னும் பின்னும் தேய்த்தேன். மாட்டினேன். இப்போது நான்காவதோடு மூன்றாவதும் ஊமை. மறுபடி தேய்த்தேன். இரண்டாவது குறைந்தது. தேய்க்கத் தேய்க்க ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்ததைப் பார்த்து மனம் விட்டுப்போய், கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினேன். புது மாட்டெலும்புப் பட்டை ஒன்று வாங்கி வைத்தேன், ஆனால் அதைத் தொடக் கை வரவில்லை.

அந்த அக்டோபரில் இது பிறந்த ஊரையாவது பார்த்து வருவோம் என்று கிளம்பினேன்.

நாகோயாவிலிருந்து சூவோ ரயில் பாதையில் நகத்சுகவா போய், அங்கே உள்ளூர் ரயிலுக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் சகாஷிதா. கிசோ ஆறு பாதையை ஒட்டியே வருகிறது. பாறைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர். முன்பு தனி ஊராக இருந்தது, 2005-ல் நகத்சுகவா நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். 1959-ல் இந்த ஊரில்தான் ஒரு சிறு பட்டறையாக இந்த நிறுவனம் தொடங்கியது. 1962-ல் பக்கத்து மலையின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். தகமினே என்றால் உயர்ந்த சிகரம். பட்டறைக்காரர்களில் ஒருவரான ஹிராதே 1970-களில் நிறுவனத்தின் தலைவராகி அதை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனார். அவர் பெயரில் நைலான் தந்திக் கிட்டார்கள் இன்றும் வருகின்றன.

மர வேலைக்குக் கேட்க வேண்டாம், இது கிசோ பள்ளத்தாக்கின் வாசல். இங்கத்திய ஹினோகி மரம்தான் ஜப்பானின் கோயில்களுக்கும் கோட்டைகளுக்கும் போனது. ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தில் ஓவாரி சிற்றரசு அந்தக் காட்டைக் காத்த விதத்தை இன்றும் ஒரு வாசகமாகச் சொல்கிறார்கள்: ஒரு மரம், ஒரு தலை. அனுமதியில்லாமல் ஒரு மரத்தை வெட்டினால் ஒரு தலை போகும்.

நான் போனது தொழிற்சாலைக்கு இல்லை. ஊருக்கு மேலே ஹனானோகோ என்று ஒரு சிறு ஏரி. 1969 ஆகஸ்ட் 9, 10 தேதிகளில் அந்தக் கரையில் ஜப்பான் முழுவதிலிருந்தும் இளைஞர்கள் திரண்டு ஒரு இரவு முழுக்கப் பாட்டுக் கேட்டார்கள். அனைத்து ஜப்பான் ஃபோக் ஜாம்போரி. அமெரிக்காவின் வுட்ஸ்டாக் திருவிழா தொடங்கியது ஆகஸ்ட் 15. அதற்கு ஆறு நாள் முந்தியே இந்த மலையூர் கூடிவிட்டது. ஒகபயாஷி நோபுயாசு, தகதா வதாரு என்று கிட்டாரோடு மேடையேறி ஜப்பானிய மொழியில் சொந்தப் பாட்டுப் பாடிய தலைமுறை. 1970-லும் நடந்தது. 1971-ல் கூட்டம் பல மடங்கு பெருகி, பார்வையாளர்கள் பிரதான மேடையையே ஆக்கிரமித்து, திருவிழா நடுவில் நின்றுபோனது. அதோடு முடிந்தது.

நான் போன அன்று ஏரிக்கரையில் யாரும் இல்லை. கூடாரம் அடிக்கும் இடம் காலியாக இருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். இந்தக் கரையில் பாடியவர்களின் கிட்டார்களுக்கு முன்னால் நின்றது வெறும் மைக்தான். ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு மரப்பெட்டியின் மெல்லிய குரலைக் கொண்டுபோக அன்றைக்கு அதைவிட வழி இல்லை. பத்து வருடம் கழித்து அதே ஊரின் பட்டறையில் அந்தப் பெட்டிக்குள் ஆறு தூண் நிறுத்தினார்கள். ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று நான் கதை கட்டவில்லை. ஆனால் சகாஷிதா இவ்வளவு சின்ன ஊர். இரண்டும் அங்கேதான் நடந்தன.

டிசம்பரில் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். என் ஊர் கூடலூர், நீலகிரி. கிட்டாரையும் கொண்டுவந்தேன். அந்த வருடம் நவம்பர் 26 முதல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு ஈட்டி மரத்துக்கான (ரோஸ்வுட்) சைட்டிஸ், அதாவது அரிய உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று விதி மாறியிருந்தது. 2017 ஜனவரியில் அந்த மர இனம் முழுவதையும் பட்டியலில் சேர்த்தபோது கிட்டார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பதறிப்போனார்கள். இரண்டு கிலோ எடையுள்ள சொந்தப் பொருளுக்கு அப்போதும் விலக்கு இருந்தது என்பது பலருக்குத் தெரியவில்லை.

அப்பா தச்சர். நாற்பது வருடம் கதவு, நிலை, கட்டில், அலமாரி. கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வாங்கினார். தந்தி இருக்கும் பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை. திருப்பி, முதுகை வெளிச்சத்துக்குக் காட்டி, ஊதா கலந்த பழுப்பில் ஓடும் கறுப்பு வரிகள் மேல் விரலை மெதுவாக இழுத்தார். பிறகு முன்பக்கம் திருப்பி, ஒலித்துளையில் மூக்கை வைத்து மோந்தார்.

"டேய், இது ஈட்டிடா."

"ஆமாப்பா."

"ஜப்பான்ல ஏதுடா ஈட்டி?"

இங்கிருந்துதான் போனது என்றேன். முன்பெல்லாம் நல்ல கிட்டாருக்கு பிரேசில் நாட்டு ஈட்டிதான். 1960-களின் கடைசியில் பிரேசில் அந்த மரத்தை வட்டமரமாக வெளியே அனுப்புவதைக் கட்டுப்படுத்தியது. 1969-ல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனமே இந்திய ஈட்டிக்கு மாறியது. உலகம் முழுக்க கிட்டார் பட்டறைகள் அதே வழியில் வந்தன. உலகம் இன்று 'ரோஸ்வுட் கிட்டார்' என்று சொன்னால் பெரும்பாலும் நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் மரத்தைத்தான் சொல்கிறது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. 1994-ல் தமிழ்நாட்டில் ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பட்டா நிலத்து மரமானாலும் அனுமதியில்லாமல் கோடாரி படக் கூடாது என்றது அது. அதற்குப் பிறகு அவர் கையில் ஈட்டி வேலை வந்தது மிகக் குறைவு. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஈட்டிப் பொருள் பாட்டியின் அரிசிப் பெட்டி. "ரொம்ப மெல்லிசா அறுத்திருக்கான். வளைச்சிருக்கான் பாரு, எங்கயும் வெடிப்பு இல்ல" என்று பக்கப்பலகையைத் தட்டிக்கொண்டே சொன்னார். கிசோ வாசகத்தை நான் சொன்னதும், "சரிதானே" என்று மட்டும் சொன்னார்.

நான்காம் தந்தியின் கதையைச் சொன்னேன். பிஸோ, மின்னழுத்தம் என்று தொடங்கியதை அவர் பாதியில் நிறுத்தினார்.

"கரண்டு கதையெல்லாம் எனக்கு எதுக்கு. ஆறு முளை இருக்கு. அது மேல ஒரு பட்டை உக்காரணும். உக்காரல. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான்.

எலும்பை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தேன். ஒரு கண்ணை மூடி, விளக்குக்கு நேரே மூலைமட்டத்தின் விளிம்பில் அதன் அடியை வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நடுவில் மயிரிழை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இரண்டு ஓரமும் உருண்டிருந்தன. நடுப்பள்ளம் முன்பு அராவியவரின் வேலை. ஓரம் உருண்டது என்னுடையது. விரலில் பிடித்துத் தேய்த்தால் கை ஒவ்வொரு போக்கிலும் இம்மி அளவு சாயும். மேசைக்கு நேராகத் தேய்த்தோம் என்று நமக்குத் தோன்றும், எலும்புக்கு அப்படியில்லை.

நாகோயாவில் வாங்கிய புதுப் பட்டையை எடுத்தார். அலமாரிக் கதவுக்கென்று வைத்திருந்த கண்ணாடித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, அதன் மேல் மிக நைஸான உப்புத்தாளை ஈரத்தில் ஒட்டினார். சதுரமாக இழைத்த ஒரு மரக்கட்டையைத் தாளின் மேல் வைத்து, எலும்பை அதன் பக்கத்தோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். இப்போது எலும்பு சாயவே முடியாது, கட்டை விடாது. அழுத்தவில்லை. தன் எடையிலேயே போகட்டும் என்பதுபோல ஒரே திசையில் இழுத்தார், தூக்கினார், மறுபடி வைத்து இழுத்தார். முன்னும் பின்னும் தேய்க்கவில்லை.

பத்து இழுப்புக்குப் பிறகு நிறுத்தி, விளக்குக் கரியில் ஒரு சொட்டு எண்ணெய் குழைத்து இன்னொரு கண்ணாடியில் பூசினார். ஊதினால் பறக்கும் அளவுக்குத்தான் கறுப்பு. கதவு நிலையில் எங்கே இடிக்கிறது என்று பார்க்க அவர் காலமெல்லாம் செய்வது இதுதான். எலும்பின் அடியை அதில் தொட்டு எடுத்தார். மேடான இடத்தில் மட்டும் கரி ஒட்டியிருந்தது, இரண்டு திட்டாக. நடுவில் வெள்ளை. மறுபடி இழுத்தார். மறுபடி தொட்டார். திட்டு நீண்டது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது முறை. கடைசியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே சீராகக் கறுத்து வந்தது.

பிரிட்ஜின் பள்ளத்தையும் அவர் விடவில்லை. டார்ச் அடித்துக் காட்டச் சொல்லி, ஆறு தூண்களின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்காவதன் ஓரத்தில் பழைய பசை காய்ந்து மணலைப்போல ஒட்டியிருந்தது. உளியைத் தொடவில்லை, மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி, நகம் வெட்டும் பொறுமையோடு சுரண்டி எடுத்து, தூரிகையால் தட்டினார். ஏழு மாதம் நானும் நாகோயா மனிதரும் பார்த்தும் காணாத பசை.

எலும்பு பள்ளத்தில் இறங்கியபோது ஒரு சின்ன 'ப்ச்' சத்தம், காற்று வெளியேறும் சத்தம். அப்பா தலையை ஆட்டினார். மேல்விளிம்பைப் பழைய எலும்பின் உயரத்துக்கும் வளைவுக்கும் அராவ இன்னொரு மணி நேரம் ஆனது. ஒலித்துளைக்குள் கையை விட்டு ஒன்பது வோல்ட் பேட்டரியை மாற்றினேன். பிஸோ தரும் மின்சாரம் மிக ஏழை. நேராக ஆம்புக்குக் கொடுத்தால் அது இழுக்கும் இழுப்பில் கீழ்ஸ்தாயி காணாமல் போய் குரல் தகரம் தட்டுவதுபோல ஆகிவிடும். அதனால் முதலில் ஏந்திக்கொள்ள கிட்டாருக்குள்ளேயே ஒரு ப்ரீஆம்ப், அதற்குத்தான் இந்த பேட்டரி. தெருமுனையில் ஆர்கெஸ்ட்ரா வைத்திருக்கும் பள்ளித் தோழனிடம் ஒரு சின்ன ஆம்ப் வாங்கி வந்திருந்தேன்.

ஆறு. ஐந்து. நான்கு.

வந்தது. பக்கத்துத் தந்திகளைவிட ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்றும் முழுசாக வந்தது. ஆறையும் சேர்த்து ஒரு முறை மெதுவாக இறக்கினேன். அந்தச் சிறிய முன்னறையில், ஆம்பிலிருந்து வந்த ஒலிக்குப் பின்னால் ஈட்டியின் கனத்த அடிக்குரல் தரையில் தெரிந்தது. பிஸோ கிட்டார் என்றாலே நகம் கீறுவதுபோல ஒரு கூர்மை இருக்கும் என்பார்கள். இதிலும் கொஞ்சம் உண்டு, பலமாக அடித்தால் வரும். அதை நான் மறைக்கப் போவதில்லை. ட்ரெபிள் குமிழைக் கால்வாசி இறக்கினேன், அடங்கியது.

இப்போது கோவையில் வேலை. கிட்டார் என்னோடு இருக்கிறது. மழைக்காலத்தில் முன்பலகை லேசாக உப்பும், தந்தி ஏறும். கோடையில் தானே இறங்கும். தகமினே பின்னாளில் இதே ஆறு தூண்களுக்கு மேலே புதுப்புது ப்ரீஆம்புகள் செய்தது, ஒன்றில் கண்ணாடி வால்வுகூட வைத்தது. அவை எதையும் நான் தேடவில்லை. பழைய எலும்பை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார். அவருடைய மூலைமட்டத்தோடு அது ஒரே டப்பாவில் கிடக்கிறது.

அன்று கை கழுவப் போனவர், விரல் இடுக்கில் இன்னும் கரி இருக்க, வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அந்த நாலாவத மட்டும் இன்னொருக்கா அடி" என்றார்.